அடியளந்த பண்டிதர்

பாரத நாட்டின் வடபால் விண்ணளாவி நிற்கும் இமயமலையைக் கண்டு வியந்தோர் பலர். அதன் முடிகளைத் தொலைவில் நின்று கருவிகளால் அளந்தோரும் உளர். அம்மலைக்கு அப்பாற் பரந்து கிடக்கும் திபெத்து நாட்டின் நெடுவழிகளையோ தம் இரு கால்களையே அளவுகோலாகக் கொண்டு அளந்தார் ஒருவர். அவர், மலைச்சிற்றூர் ஒன்றில் சிறுவர்க்கு எழுத்தறிவித்து வாழ்ந்த பள்ளியாசிரியர். நைன் சிங் இராவத் என்னும் பெயரினர். ஆசிரியத் தொழில் பூண்டிருந்தமையால் அவரைப் பண்டிதர் என்றே அனைவரும் அழைத்தனர். அப்பெயரே பின்னர் உலகெங்கும் அவருக்கு நிலைத்தது.

பிறப்பும் இளமையும்

இன்றைய உத்தராகண்ட மாநிலத்தில் கோரி கங்கை என்னும் ஆறு பனிப்பாறையினின்று தோன்றுகிறது. அதனருகே, கடல் மட்டத்திற்கு மேல் 11,000 அடிக்கும் மிக்க உயரத்தில், மிலம் என்னும் சிற்றூர் உள்ளது. அது சோகார்ப் பள்ளத்தாக்கின் கடைசி ஊர். அதற்கு மேலே பனி மூடிய கணவாய்களும், அவற்றைக் கடந்தால் திபெத்தும் உள்ளன.

அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த போட்டியர் என்னும் மக்கள் வேனிற்காலத்தில் மிலத்தில் தங்குவர். பனிக்காலம் தொடங்குமுன் தம் பொருள்களையும் ஆடுமாடுகளையும் கொண்டு தாழ்ந்த ஊர்களுக்கு இறங்கிவிடுவர். அவர்களுக்கு வாழ்வளித்தது வாணிகம். தானியமும் துணியும் வெல்லமும் ஆட்டின் முதுகில் ஏற்றித் திபெத்துக்குக் கொண்டு செல்வர். அங்கிருந்து உப்பும் வெண்காரமும் கம்பளி மயிரும் கொண்டு வருவர். ஆதலின் திபெத்திய மொழியும் அந்நாட்டு வழக்கங்களும் அவர்களுக்கு இளமை தொட்டே பழகியிருந்தன.

இத்தகைய குடியில் அமர் சிங் என்பவருக்கு மகனாக 1830 ஆம் ஆண்டில் நைன் சிங் பிறந்தார். குடும்பத்தில் வறுமை மிகுந்திருந்தது. வாணிகத்தில் ஈடுபட்ட அவருக்குக் கடனே மிஞ்சியது. 1855 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர்களான சிலாகிண்ட்வைட் உடன்பிறந்தார் இமயமலைப் பகுதிகளை ஆராய வந்தனர். அவர்களோடு நைன் சிங் மானசரோவர் ஏரிப் பகுதிக்கும் இலடாக்குக்கும் சென்றார். வெப்பமானி, திசைகாட்டி முதலிய கருவிகளைக் கையாளும் முறையினை அவர் முதன்முதலில் அறிந்தது அப்பயணத்தின்போதேயாகும். அறிஞர்கள் அவரைத் தம் நாட்டுக்கே அழைத்தனர். ஆயினும், அவர் தம் மலைக்கே மீண்டு, மிலத்தில் தோன்றிய அரசினர் பள்ளியில் ஆசிரியரானார்.

அளக்கப்படாத நிலம்

அக்காலத்தில் இந்தியா முழுவதையும் கணித முறையால் அளக்கும் பெரும்பணி நடைபெற்று வந்தது. 1802 ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பரங்கிமலையருகே இலாம்டன் என்பவர் அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய அப்பணி, படிப்படியாக வடக்கே வளர்ந்து இமயமலையை எட்டியது. அம்மலையின் மிகவுயர்ந்த முடியின் உயரமும் அக்கணக்கினாலேயே துணியப்பட்டது. ஆனால், இமயத்தோடு அக்கணக்கு நின்றுவிட்டது. அதற்கப்பால் நிலப்படத்தில் பெரும்பாலும் வெற்றிடமே இருந்தது. திபெத்தின் தலைநகராகிய இலாசா எந்த இடத்தில் உள்ளது என்பதும் திட்டமாகத் தெரியவில்லை.

சீனப் பேரரசின் மேலாட்சிக்கு உட்பட்டிருந்த திபெத்து, அயலாருக்குத் தன் வாயில்களை அடைத்திருந்தது. அளக்க வருவோரின் பின்னே படையும் வரும் என அந்நாட்டார் அஞ்சினர். அவ்வச்சம் வீணன்று, 1904 ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை இலாசா நகருள் புகுந்ததனை வரலாறு கூறுகின்றது. ஆயினும், வெள்ளையர் செல்ல இயலாத அந்நாட்டுக்கு வணிகரும் திருத்தல வழிபாட்டினரும் தடையின்றிச் சென்று வந்தனர். இதனைக் கண்ட நிலவளவைத் துறையினராகிய மாண்ட்கோமரி என்பவர், மலைநாட்டாரையே பயிற்றி அனுப்பலாம் எனக் கருதினார். 1863 ஆம் ஆண்டில் நைன் சிங்கும், அவருடைய உறவினராகிய மணி சிங்கும் தேராதூனுக்கு வரவழைக்கப்பட்டனர்.

பயிற்சி

இரண்டாண்டுக் காலம் அவர்கள் அரிய பயிற்சி பெற்றனர். மேட்டிலும் பள்ளத்திலும் மணலிலும் பாறையிலும் அடியின் நீளம் மாறாமல் நடக்கப் பழகினர். 2,000 அடிகள் வைத்தால் ஒரு மைல் ஆகும். எண்ணிய அடிகளை மறவாதிருக்கச் செபமாலை ஒன்று துணையாயிற்று. புத்த சமயத்தார் கையிற் கொள்ளும் மாலையில் 108 மணிகள் இருப்பது மரபு. நைன் சிங்கின் மாலையிலோ 100 மணிகளே இருந்தன. 100 அடி நடந்ததும் ஒரு மணியை உருட்டுவார். மாலை ஒரு முறை சுற்றி முடிந்தால் 10,000 அடிகள், அதாவது ஐந்து மைல்கள் கடந்தன என்பது கணக்கு.

திபெத்தியர் கையிற் சுழற்றும் மந்திர உருளையினுள்ளே வழிபாட்டு மொழிகள் எழுதிய தாள் வைக்கப்பட்டிருக்கும். பண்டிதருடைய உருளையில் அளவைக் குறிப்புகள் எழுதிய தாள்களே இருந்தன. உருளையைச் சுழற்றி உருவேற்றுவோரிடம் வழிப்போக்கர் பேச்சுக் கொடுப்பது வழக்கமன்று; ஆதலால், அவர் தடையின்றி அடிகளை எண்ண முடிந்தது. விண்மீன்களின் உயரத்தை அளக்கும் கருவி பெட்டியின் மறைவறையில் இருந்தது. அக்கருவிக்கு வேண்டிய பாதரசம் சோழிகளுள் அடைக்கப்பட்டிருந்தது.

உயரத்தை அறியும் முறையோ மிக எளியது. உயரம் மிகுந்தோறும் காற்றின் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறையவே, நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் நீர் இலாசாவில் ஏறத்தாழ 88 பாகையிலேயே கொதிக்கும். கொதிநீரில் வெப்பமானியை இட்டுப் பார்த்தால் அவ்விடத்தின் உயரத்தைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். அடுப்பில் நீர் வைப்பவனைக் கண்டவர், தேநீருக்கு நீர் வைக்கிறான் என்று எண்ணிச் செல்வர்.

இலாசாவை நோக்கி

1865 ஆம் ஆண்டில் உறவினர் இருவரும் நேபாளத்தின் வழியாகத் திபெத்துக்குப் புறப்பட்டனர். தாங்கள் குதிரை வாங்கவும் கோயில்களை வழிபடவும் செல்லும் வணிகர் என்று எல்லைக் காவலரிடம் கூறினர். கிரோங் என்னும் எல்லையூரின் தலைவன் ஐயுற்று அவர்களைத் திருப்பிவிட்டான். மணி சிங் உடல்நலங் குன்றி வேறு வழியே சென்றார். நைன் சிங் மனந்தளரவில்லை. இலடாக்கு நாட்டார் போலப் பின்னல் தொங்கவிட்டு, வேறு கோலம் புனைந்து மீண்டும் முயன்றார். இலாசாவுக்குச் செல்வதில்லை, சென்றால் உயிரை இழக்கவும் இசைவேன் என்று உறுதியளித்தே அவர் எல்லையைக் கடக்க நேர்ந்தது. அவ்வுறுதி பின்னாளில் அவர் நெஞ்சில் முள்ளாய் உறுத்தியது.

இலடாக்கு வணிகக் குழு ஒன்று இலாசாவுக்குச் செல்வதை அறிந்து அதனோடு சேர்ந்துகொண்டார். பிரமபுத்திரையின் மேற்பகுதியாகிய சாங்போ ஆற்றை ஒட்டி வழி சென்றது. மற்றையோர் குதிரை மீதும் தோற்படகிலும் செல்லவும், அவர் மட்டும் நடந்தே சென்றார். நடவாவிடில் அளவு அற்றுப்போகுமன்றோ! தம் கண்ணெதிரே படகொன்று கவிழ்ந்து சிலர் மாண்டதையும் அவர் கண்டார்.

வழியெங்கும் புதுமைகள் மலிந்திருந்தன. கணவாய்களின் உச்சியில் கற்குவியல்களும் அவற்றின்மேல் பலநிறக் கொடிகளும் விளங்கின. மந்திரம் பொறித்த கற்களாலாகிய நீண்ட சுவர்களை மக்கள் வலமாகச் சுற்றிச் சென்றனர். சடை படர்ந்த கவரிமாக்கள் சுமை தாங்கிச் சென்றன. வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரே மக்களுக்கு நாளும் உணவுத்துணை. இவற்றையெல்லாம் பண்டிதர் உள்ளத்திற் பதித்துக்கொண்டார்.

சிகாட்சே நகரை அடுத்த தாசிலுன்போ என்னும் பெருமடத்தில் பஞ்சன் இலாமாவைக் காண வணிகர் சென்றனர். உடன் செல்லாதிருப்பின் ஐயம் எழும். இலாமா பிறர் உள்ளத்து மறைபொருளை அறிய வல்லவர் என அந்நாட்டார் நம்பினர். பொய்க்கோலம் பூண்டு வந்த நைன் சிங்கின் நெஞ்சம் நடுங்கியது. உள்ளே சென்று பார்த்தபோது இருக்கையில் அமர்ந்திருந்தவர் ஏறத்தாழப் பதினொரு வயதுச் சிறுவர். வந்தோரின் அரசர் நலமா, நாடு செழிப்புற்றுள்ளதா, அவர்கள் உடல்நலத்தோடு உள்ளனரா என மூன்றே வினவி, வாழ்த்தி விடை தந்தார். பண்டிதருக்குப் போன உயிர் மீண்டாற் போலாயிற்று.

இலாசாவில் பண்டிதர்

1866 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நைன் சிங் இலாசாவை அடைந்தார். குன்றின்மீது எழுந்த போத்தலா அரண்மனையும், பொற்கூரை வேய்ந்த கோயில்களும், பல நாட்டு வணிகர் குழுமிய கடைத்தெருவும் அவர் கண்களைக் கவர்ந்தன. விடுதியொன்றில் தங்கி, பகலில் நகரைக் கண்டும் இரவில் விண்மீன்களை அளந்தும் வந்தார். கைப்பொருள் குறைந்தது. நேபாள வணிகர் சிலருக்குக் கணக்கெழுதும் முறையைக் கற்பித்து உணவுக்கு வழி தேடிக்கொண்டார். எந்நாடு சென்றாலும் கல்வி கைவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

புத்தாண்டு விழாவின்போது அந்நகரில் விந்தையான வழக்கம் ஒன்று நிலவியது. திரேபுங் மடத்துத் துறவிகள் சில நாள்களுக்கு நகராட்சியைத் தாமே ஏற்று, குற்றம் செய்தோர்க்கு ஒறுப்புக் கட்டணம் விதித்தனர். அதனையும் அவர் குறித்துக்கொண்டார். அக்காலத்துத் தலாய் இலாமாவும் சிறுவரே. அவரையும் பண்டிதர் பலரோடு கூடி வணங்கி வந்தார்.

அங்கும் அவருக்கு இடர்கள் சூழ்ந்தன. காசுமீர வழிவந்த முசுலிம் வணிகர் இருவர் அவருடைய உண்மை நிலையைக் கண்டுகொண்டனர். ஆயினும், அவர்கள் பெருந்தன்மையோடு அம்மறையைக் காத்தனர். இசைவின்றி நகருக்கு வந்த சீனன் ஒருவன் பலர் காணத் தலைவெட்டுண்டதையும் நைன் சிங் அறிந்தார். பின்னொரு நாள், கிரோங் நகரத் தலைவனையே இலாசாத் தெருவில் கண்டார். உயிரைப் பிணையாக வைத்துத் தாம் அளித்த உறுதி நினைவுக்கு வந்தது. அன்று முதல் வெளியே வருவதைப் பெரிதும் குறைத்துக்கொண்டார். அத்தகைய அச்சத்திடையேயும் விண்மீன் கணக்கை அவர் விட்டாரல்லர்.

ஏப்பிரல் இறுதியில் வணிகக் குழுவோடு இலாசாவை விட்டு நீங்கி, சாங்போ ஆற்றின் வழியே மேற்காக நடந்து, கைலை மலையை அடுத்த மானசரோவர்ப் பகுதியை அடைந்தார். பின்னர்க் கணவாய்களைக் கடந்து தாயகம் மீண்டு, அக்டோபர்த் திங்களில் தேராதூனைச் சேர்ந்தார். அவர் அளந்த தொலைவு 1,200 மைல். வைத்த அடிகளோ ஏறத்தாழ 25 இலட்சம். 31 இடங்களின் அட்சரேகையையும் 33 இடங்களின் உயரத்தையும் அவர் கணித்துக் கொணர்ந்தார். அடியெண்ணிக் கண்ட தொலைவும் விண்மீன் நோக்கிக் கண்ட இடமும் பெரிதும் ஒத்திருக்கக் கண்டு அளவைத் துறையினர் வியந்தனர். இலாசாவின் இடம் அன்றுதான் நிலப்படத்தில் திட்டமாகக் குறிக்கப்பட்டது.

பொன் விளையும் பாழ்நிலம்

1867 ஆம் ஆண்டில் அவர் மணி சிங்கோடும் கலியான் சிங்கோடும் பத்ரிநாதத்திற்கு அப்பால் உள்ள மானாக் கணவாயைக் கடந்து மேற்குத் திபெத்துக்குச் சென்றார். பவளம் விற்கும் வணிகர் கோலம் இம்முறை உதவியது. தோக் சாலுங் என்னும் இடத்திலிருந்த பொற்சுரங்கங்களை அவர் நேரிற் கண்டார். கடல் மட்டத்திற்கு மேல் 16,000 அடிக்கு மிக்க அவ்வுயரத்தில் குளிர்காற்று இடையறாது வீசியது. அதற்கு அஞ்சித் தொழிலாளர் நிலத்தில் ஏழெட்டு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதனுள் கூடாரம் அமைத்து வாழ்ந்தனர். முழங்காலையும் முழங்கையையும் ஊன்றிக் குப்புறக் குறுகிக் கிடந்தே உறங்கினர். குளிர் மிகுந்த காலத்தில்தான் அங்கே தொழில் மிகுதியாக நடந்தது. நிலம் உறைந்து இறுகுவதால் மண் சரியும் இடர் அப்போது இராது. பொன்னின் ஒளிக்குப் பின்னே அம்மக்கள் பட்ட துயரையும் பண்டிதரின் குறிப்புகள் நமக்கு உணர்த்துகின்றன.

இறுதிப் பெரும்பயணம்

1874 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் தம் இறுதிப் பெரும்பயணத்தைத் தொடங்கினார். இலடாக்கின் தலைநகராகிய இலே நகரினின்று துறவி கோலத்தில் புறப்பட்டார். உணவையும் பொருளையும் ஆடுகள் சுமந்து சென்றன. பேங்கோங் ஏரியைக் கடந்து, ஏரிகள் பல நிறைந்த வடதிபெத்தின் உயர்ந்த சமவெளியில் திங்கள் பல நடந்தார். பல நாள் வழியில் மனிதர் முகமே காண முடியாத நிலம் அது. ஏற்றிச் சென்ற ஆடுகளில் ஒரு சிலவே இலாசா வரை பிழைத்தன.

நவம்பரில் இலாசாவை அடைந்தபோது, அவரை முன்னறிந்த வணிகர் ஒருவர் அங்கே இருப்பதை அறிந்தார். இனித் தங்குவது உயிருக்கு ஊறு என உணர்ந்து, அதுவரை எழுதிய குறிப்புகளை நம்பிக்கைக்குரிய ஆட்கள் வழியே இலே நகருக்கு அனுப்பிவிட்டார். தாம் பிடிபடினும் தம் கணக்குப் பிடிபடலாகாது என்பதே அவர் கருத்து. பின்னர் இரண்டே நாளில் புறப்பட்டு, சாங்போவைக் கடந்து, இன்று அருணாசலப் பிரதேசத்தில் உள்ள தவாங்கை அடைந்தார். அங்கே சில வாரங்கள் தடுத்து வைக்கப்பட்டார். விடுபட்டதும் 1875 ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் அசாமின் உதால்குரிக்கு வந்து சேர்ந்தார். இப்பயணத்தில் அவர் நடந்தளந்த வழி ஏறத்தாழ 1,300 மைல். அதிற் பெரும்பகுதி, அளவையாளர் எவரும் அதற்கு முன் அளந்தறியாதது.

புகழும் முடிவும்

நெடுநாள் பனியிலும் வெயிலிலும் உழைத்தமையால் பண்டிதரின் உடல் நலிந்தது, கண்பார்வையும் குறைந்தது. ஆயினும், தாம் கற்றதைத் தம்மோடு மாயவிடாமல், பின்வந்த இளைஞர்க்குப் பயிற்சியளித்தார். அவருடைய உறவினராகிய கிசன் சிங்கும் திபெத்தை அளந்து புகழ் பெற்றார். 1877 ஆம் ஆண்டில் இலண்டன் அரச புவியியற் கழகம் நைன் சிங்குக்குப் பொற்பதக்கம் வழங்கியது. ஆசியாவின் நிலப்படத்திற்கு அக்காலத்தில் அவரளவு புதிய அறிவைச் சேர்த்த தனிமனிதர் பிறரிலர் என அறிஞர் போற்றினர். பின்னர் அவர் மறைந்தார். 2004 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

அவர் பிறந்த பள்ளத்தாக்கின் திபெத்து வாணிகம் 1962 ஆம் ஆண்டுப் போரோடு நின்றது. மிலத்து மக்களிற் பலர் கீழ்நாட்டில் குடியேறினர். கல்வீடுகள் பல இடிந்து கிடக்கின்றன. அவர் வகுத்த நிலப்படங்களும் இன்று புதிய கருவிகளால் திருத்தம் பெற்றுள்ளன. என்றாலும், அவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம் பழமையுறவில்லை.

நைன் சிங் நடந்த வழிகளில் அவருடைய கணக்கைச் சரிபார்க்க ஒருவரும் உடனில்லை. களைத்த நாளில் நூறு அடிக்குப் பதில் தொண்ணூறு அடியில் ஒரு மணியை உருட்டியிருந்தாலும் கேட்பாரில்லை. குளிர் மிகுந்த இரவில் விண்மீனை நோக்காது, மனத்திற்பட்ட எண்ணை எழுதியிருந்தாலும் அறிவாரில்லை. உயிர் காக்க அவர் கோலத்தை மாற்றினார். பேரையும் ஊரையும் மாற்றிச் சொன்னார். கணக்கை மட்டும் ஒருபோதும் மாற்றினாரில்லை. பிறர் காணாத இடத்தும் தம் தொழிலில் வழுவாது நின்ற அவ்வுண்மையே அவர் கணக்கை உலகம் ஏற்கச் செய்தது. ஓரடியையும் விடாது எண்ணி நடந்த அப்பள்ளியாசிரியரின் வாழ்வு, கற்கும் மாணவர் யாவர்க்கும் நல்வழி காட்டுவதாகும்.